சீருடையா, சீர்வரிசையா?

ஜூன் மாதம் குமரியில் இரண்டு திறக்கும். ஒன்று வானம். இன்னொன்று பள்ளிக்கூடம். வானம் திறந்தால் திற்பரப்பு அருவிக்குக் கொண்டாட்டம், ரப்பர் பால் வெட்டுகிறவருக்குத் திண்டாட்டம். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் பாலைவிட மழைதான் அதிகம். வெட்டு இல்லாத நாளில் கூலி கிடையாது. சரியாக அந்த வாரம் பார்த்துத்தான் தனியார் பள்ளி சீட்டை நீட்டுகிறது.

சீட்டைப் படியுங்கள். அன்றாடச் சீருடை 2 ஜோடி. புதன்கிழமைக்கு வெள்ளை. விளையாட்டுக்கு அணிக்கொரு வண்ணத்தில் டி-ஷர்ட். டை. பள்ளி முத்திரை போட்ட பெல்ட். கறுப்பு ஷூ, வெள்ளை ஷூ. இரண்டுக்கும் தனித்தனி சாக்ஸ். இதற்குச் சீருடை என்று பெயர் வைத்தவர் யார்? இது சீர்வரிசை. மாப்பிள்ளை வீட்டாராவது ஒரு தடவை வாங்கிக்கொண்டு அடங்குவார்கள். இவர்கள் வருஷா வருஷம் வருவார்கள்.

ஒரு பள்ளியின் விற்பனை ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கையில் மடித்த சட்டையோடு. "சார், மூத்தவன் ஒரு வருசம்தான் போட்டான். கிழியல்ல, நிறம் போகல்ல. எளையவனுக்கு இது போதாதா?"

"கட்டம் மாறியாச்சும்மா."

அம்மா இரண்டு சட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய கட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு. புதியதில் இரண்டு. "இந்த ஒரு கோடு எதுக்காக்கும் சார்?"

சார் பதில் சொல்லவில்லை. துண்டுச்சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். அதுதான் பதில்.

விதி இல்லாமலா இருந்தது? பள்ளி வளாகத்தைக் கடையாக்காதீர்கள், குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தாதீர்கள் என்று சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலிலேயே தன் பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி. கடை என்று எழுதிய பலகையை எங்கேயும் காணோம். ஜன்னல்தான் திறந்திருக்கிறது. நமக்கு டை கட்டப் பழக்கிய இங்கிலாந்தே, சீருடைச் செலவைக் கட்டுப்படுத்த 2021-இல் சட்டம் போட்டது. நாம் டையை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

எதற்குச் சீருடை என்று கேட்டால் பள்ளிக்காரர்கள் சமத்துவம் என்பார்கள். ஏழை, பணக்காரன் வித்தியாசம் தெரியக்கூடாதாம். நல்லது. அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 4 ஜோடி சீருடை இலவசம். அரசு சமத்துவத்தைக் கொடுக்கிறது. இவர்கள் விற்கிறார்கள். அதுவும் ரசீது இல்லாமல்.

அந்தச் சமத்துவம் நனைந்தால் என்ன ஆகும்? இரவெல்லாம் மழை. அடுப்புப் பக்கம் வைத்தும் ஷூ காயவில்லை. பையன் செருப்போடு வருகிறான். அசெம்பிளியில் அவனுக்குத் தனி வரிசை. எல்லோரும் ஒன்று என்று காட்டத்தான் உடை. அந்த உடையைக் காட்டியே ஒருவனைத் தனியே நிறுத்துகிறார்கள். வானத்துக்கு யார் தண்டனை கொடுப்பது?

இது எந்த மண்? யார் எதை உடுத்தலாம் என்று மேலே இருந்தவர்கள் விதித்ததை எதிர்த்து, 1822 தொடங்கி 1859 வரை 37 வருஷம் பெண்கள் அடிபட்டுத் தோள்சீலை உரிமையை வென்ற மண். அந்தப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழாவுக்கு 2023 மார்ச்சில் இரண்டு மாநில முதல்வர்கள் நாகர்கோவில் வந்தார்கள். கைதட்டினோம். தட்டி முடித்த கையோடு ஜூனில் பெல்ட்டுக்குப் பணம் எண்ணினோம்.

2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம். மாநிலத்தில் முதலிடம். வரிசையில் நின்ற எல்லோருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்திருந்தது. கேள்வி கேட்டது அந்த அம்மா ஒருவர்தான். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.