பலகை மாட்டுவதற்கு முன்

தனியார் மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். மாதம் 5,000 வெள்ளி சம்பளம். லகாட்டில் சொந்தமாக ஆலோசனை அறை திறக்க ஆசை. “பால்மரம் சீவிப் படிக்க வைத்தேன், நிரந்தர வேலையை விட்டுவிட்டு வாடகைக் கடையில் உட்காரப் போகிறாயா?” என்று அம்மா அழுகிறார். என்ன சொல்வது?
— வாசகி, லகாட்

அம்மாவிடம் முதலில் கணக்கைச் சொல்லுங்கள், கனவைப் பிறகு சொல்லலாம். தோட்டம் கைமாறியபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போனதைக் கண்ட தலைமுறை அது. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

உங்கள் சம்பளம் 5,000 இல்லை, 5,650. முதலாளி இபிஎப்பில் போடும் 13 விழுக்காடு, மாதம் 650 வெள்ளி, நீங்கள் விலகியதும் நின்றுவிடும். இனிச் சொந்த அறைக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்கு 120 வெள்ளி, வாரம் 12 பேர் என்று வைத்தால் நான்கு வாரத்துக்கு 5,760. சரிக்குச் சரி வந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வாடகை, மின்சாரம், காப்புறுதி, மூத்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வைக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். தீபாவளி வாரத்தில் யாரும் வரமாட்டார்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். தானாக வேலையை விட்டவருக்கு சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்திலும் உதவி கிடையாது.

அதற்காக ஆசையை மூட்டை கட்டச் சொல்லவில்லை. மருத்துவமனையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் மட்டும் தொடங்குங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். சனிக்கிழமை இடம் போதாமல் நீங்களே ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் ராஜினாமா கடிதம் எழுதலாம். சுயதொழில் செய்பவர்களுக்கு இபிஎப்பில் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. முதல் மாதமே அதில் பணம் போட்டு, ரசீதை அம்மாவிடம் காட்டுங்கள்.

உளவியலில் இளங்கலைப் பட்டம் முடித்திருக்கிறேன். பலகை மாட்டலாமா?
— வாசகர், கம்பார்

கூடாது. ‘கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்ள 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் சான்றிதழும் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் அந்தத் துறையில் முதுகலை முடித்து, 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். உடைந்த மனதோடு வருகிறவர் உங்கள் சான்றிதழைச் சரிபார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். அதனால்தான் அந்த வேலையைச் சட்டம் செய்கிறது.

லகாட் மாதிரிச் சின்ன ஊரில் யார் வருவார்கள்? ஈப்போவில் வைத்தால் என்ன?
— வாசகர், மெங்லெம்பு

லகாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பாப்பானைப் பாருங்கள். ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருந்தகம் நடத்திவந்தவர் சிபில் கார்த்திகேசு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசத் தொடங்கியதும் குடும்பம் பாப்பானுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் அவர் வைத்தியம் பார்த்தார். ஊரில் பெரும்பாலோர் சீனர்கள். அவரோ கண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். மறைவாக வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கும் மருந்து போட்டு, அதற்காகச் சிறையும் சித்திரவதையும் பட்டார். ஊர் சின்னது என்பதால் அந்தக் கதவைத் தட்ட ஆள் இல்லாமல் போகவில்லை. நோயாளியின் மொழியில் பேசியவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

தமிழருக்கும் இதுவே பொருந்தும். “நெஞ்சு அடைக்குது, ராத்திரி தூக்கமே இல்ல, பேய் பிடிச்ச மாதிரி இருக்கு” என்று ஒரு பாட்டி சொல்வதை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லச் சொன்னால் பாதி வாயிலேயே நின்றுவிடும். பேராக்கின் பழைய தோட்டப்புறங்களுக்குத் தமிழில் கேட்கிற காது வேண்டும், மிகவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அறையைக் கோயில் வாசலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் எதிரே எடுக்காதீர்கள். ஒருவர் வெளியேறும் நேரத்துக்கும் அடுத்தவர் நுழையும் நேரத்துக்கும் கால் மணி இடைவெளி விடுங்கள். அப்படியும் கூச்சப்படுகிறவருக்காக வாரம் ஒருநாள் ஈப்போவில் உட்காரலாம்.

உளவியலாளரிடம் போகிறேன் என்றாலே “தஞ்சோங் ரம்புத்தானுக்கா?” என்று கேலி செய்கிறார்கள்.
— வாசகி, புந்தோங்

அங்கே 1911 முதல் ஒரு மனநல மருத்துவமனை இயங்குகிறது, இன்று அதன் பெயர் பஹாகியா. நூறாண்டுக்கு மேல் மனிதர்களைப் பராமரித்த இடத்தின் பெயரை வசைச்சொல்லாக்கியது நாம்தான். “தேவைப்பட்டால் அங்கேயும் போவேன்” என்று சொல்லிப் பாருங்கள், கேலி அடுத்த வார்த்தைக்கு நகராது.

தற்கொலைக்கு முயன்ற ஒருவர் என்னிடம் வந்தால் அவர் மீது வழக்கு வருமா?
— பயிற்சி ஆலோசகர், பத்து காஜா

வராது. அந்த முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்தே பலர் உண்மையை மறைத்தார்கள். உடனடி ஆபத்து என்றால் உங்கள் அறையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் தேடுகிறவருக்கு சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555.

சித்தப்பா இலவசமாகப் பார்க்கச் சொல்கிறார்.
— வாசகர், சுங்கை சிப்புட்

கட்டணம் கொடுத்தாலும் பார்க்காதீர்கள். அவர் சொல்லும் கதையில் உங்கள் அப்பாவும் இருப்பார். வேறொருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, சித்தப்பாவுக்குத் தேநீர் போடுங்கள்.

கட்டணம் கேட்கவே வாய் வரவில்லை.
— வாசகி, ஈப்போ

தொலைபேசியில் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அழுது முடித்தவரிடம் தொகை சொல்வது இருவருக்கும் கொடுமை. முறையான ரசீது கொடுங்கள். பதிவு பெற்றவரிடம் பெறும் மனநல ஆலோசனைச் செலவுக்கு, முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து 1,000 வெள்ளி வரை 2022 முதல் வரிவிலக்கு உண்டு. முடியாதவர்களுக்காக வாரம் இரண்டு இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். அந்த எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் ஆண்டு முடிவதற்குள் நீங்களே கடையை மூடுவீர்கள்.

விலகும்போது என் நோயாளிகளை அழைத்துப் போகலாமா?
— லகாட் வாசகி, மீண்டும்

கோப்புகள் மருத்துவமனையுடையவை, தொடாதீர்கள். வேலை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பக்கம் வரை படியுங்கள். நோயாளிகளிடம் நீங்கள் விலகும் தேதியைச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள். அங்கேயே வேறொருவரிடம் தொடர்வதா, வேறு இடம் போவதா என்பது அவர்கள் முடிவு. கடைசிச் சந்திப்பை அவசரமாக முடிக்காதீர்கள், முழு ஒரு மணி நேரமும் கொடுங்கள்.