மின்சாரக் குதிரைக்குக் கடிவாளம்

கேள்வி: ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயத்தில் ஓட்டுநர் கார் ஓட்டுகிறார். குழுத் தலைவர் என்னதான் செய்கிறார்?

பதில்: மாதக் கடைசியில் குடும்பத் தலைவி செய்வதைத்தான்! இருப்பதை வைத்து இழுத்துப் பிடிப்பது. ஓட்டுநர் ரேடியோவில் 'பேட்டரியில் இவ்வளவு சதவீதம் மிச்சம்' என்பார். பொறியாளர் 'இன்னும் கொஞ்சம் சேமி' என்பார். வேகத்துக்குப் பிறந்தவரை மெதுவாகப் போகச் சம்மதிக்க வைப்பதே பெரிய கலை.

2021 ஏப்ரல், வலென்சியா பந்தயம். எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்புக் கார் பலமுறை வந்ததால், விதிப்படி ஒவ்வொரு காருக்கும் அனுமதித்த மின்சக்தியைக் குறைத்தார்கள். முன்னணியில் ஓடிய அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்டா, பந்தய நேரம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போதே கோட்டைத் தாண்டினார். விளைவு? எல்லாரும் இன்னொரு சுற்று ஓட வேண்டியதாயிற்று. கடைசிச் சுற்றில் பல கார்கள் மின்சக்தி தீர்ந்து வரிசையாகப் படுத்துவிட்டன. கையிருப்பைக் காத்துவைத்த மெர்சிடிஸ் குழுவின் நிக் டி வ்ரீஸ் ஜெயித்தார். அந்த ஆண்டின் சாம்பியனும் அவரே.

ஆனால், சேமிக்கும் கணக்கு தலைவருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அவர் சொல்லை ஓட்டுநர் நம்பவும் வேண்டும். 2018 முதல் வென்டூரி குழுவை நடத்திய சூசி வோல்ஃப், தாமே ரேஸ் ஓட்டியவர். ஹெல்மெட்டுக்குள் இருப்பவரின் அவசரம் அவருக்குப் புரியும். அந்த நம்பிக்கையை எந்த சார்ஜரிலும் ஏற்ற முடியாது. பந்தயம் இல்லாத நாட்களில்தான் சேர்க்க முடியும்.