கூறு கட்டி விற்கும் நகரம்

2005இல் நான் நைரோபிக்கு முதன்முறை போனபோது, அந்த ஊரின் வியாபாரப் பணம் முழுக்கக் கண்முன்னே கைமாறிக்கொண்டிருந்தது. மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்தின் நடத்துநர் ஷில்லிங் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து, விரலிடுக்குகளில் செருகியபடி வாசலில் தொங்குவார். கென்யப் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சுக்கி 2004இல் நடைமுறைப்படுத்திய விதிகளால் வண்டிக்கு 14 பயணிகள்தான். எல்லோருக்கும் இருக்கைப் பட்டை, வண்டியின் பக்கவாட்டில் மஞ்சள் கோடு.

குடியிருப்பு முனையில் பலகை போட்டுக் காய்கறி விற்கும் பெண்ணை அங்கே ‘மமா ம்போகா’ என்பார்கள். பொழுது விடியும் முன்பே வக்குலிமா மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து வந்துவிடுவார். தராசு கிடையாது, தக்காளியையும் வெங்காயத்தையும் நம் சந்தைகளைப் போலவே கூறு கட்டி வைத்திருப்பார். சுகுமா விகிக் கீரையைச் சுருட்டிப் பிடித்து, நூல் நூலாக அரிந்து, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவார். சர்க்கரையும் சமையல் எண்ணெயும் அன்றைய சமையலுக்கு வேண்டிய அளவில் பக்கத்துச் சிறு கடையான ‘டுக்கா’வில் கிடைக்கும். தினக்கூலிக்காரர்கள் வாழும் ஊரில் வியாபாரமும் தினக்கணக்கில்தான் நடக்கும். கூலி கிடைக்காத நாளில் கீரை கடனாகப் போகும். வட்டி கிடையாது.

அந்த நாளில் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால், அந்தப் பக்கம் பேருந்தில் போகும் தெரிந்தவரிடம் உறையைக் கொடுத்தனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை கவலைதான்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. ஸ்மார்ட்போன் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். சாதாரண பட்டன் போனும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் போதும். பணத்தைப் போடவும் எடுக்கவும் டுக்காக்காரரே முகவரானார். தெரு அவரை ஏற்கெனவே நம்பியது. அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்தச் சேவை எழுந்தது. தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையில் 2008 ஜனவரியில் நகரம் முடங்கியபோது, வெளியே வர முடியாத உறவினர்களுக்குப் பலர் இதன் வழியாகவே பணம் அனுப்பினார்கள்.

2023இல் திரும்பிப் போனேன். மட்டாட்டு நடத்துநர் பணம் அனுப்ப வேண்டிய எண்ணைச் சொல்ல, பயணிகள் போனிலேயே கட்டணம் செலுத்தினார்கள். சோளம் சுடுகிறவரும் பழைய துணி விற்கிறவரும் அட்டையில் எண்ணை எழுதி மாட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் பையைக் காணோம்: 2017 ஆகஸ்ட் 28 முதல் அதற்குத் தடை. மீறினால் 40 லட்சம் ஷில்லிங்வரை அபராதம் அல்லது நான்கு ஆண்டுவரை சிறை.

கடனும் உருமாறியிருந்தது. எம்-பெசா கணக்கில் பணம் போதாவிட்டால், 2019இல் வந்த ‘ஃபுலிசா’ வசதி மீதித் தொகையைக் கடனாகத் தந்து காரியத்தை முடித்துவிடுகிறது. அவசரத்துக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. திருப்பித் தரும்வரை அது ஏறலாம். மமா ம்போகா தந்த கடனுக்கு வாடிக்கையாளரின் முகம்தான் பிணை. வேலை போன வீடு எது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீடு எது என்று அறிந்தவர் அவர். கணினிக்கு அது தெரிய வழியில்லை. இன்றும் பல மமா ம்போகாக்கள் கடன் நோட்டை மூடவில்லை என்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

அவர்கள் நிற்கும் இடம்தான் மாறவே இல்லை. அன்று போலவே சாலையோர மண், வெயிலுக்கு ஒரு குடை. நகராட்சி ஊழியர்களான ‘கஞ்சோ’ வருகிறார்கள் என்றால் சரக்கை வாரிக்கொண்டு ஓட வேண்டும். பிடிபட்டால் சரக்கு போய்விடும். கென்யாவின் கைபேசிப் பணத்தை உலகமே புகழ்கிறது, பாடமாகப் படிக்கிறது. அந்தப் பணம் ஓடுவது இந்தப் பெண்களின் கைகள் வழியாகத்தான். நகரத்தின் இரவுச் சாப்பாட்டை, ஏழைக்குக் கட்டுப்படியாகும் அளவில் தினந்தோறும் பிரித்துத் தருகிறவர்கள் இவர்கள். ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை, யாரும் விரட்டாத நாலடி இடம்: நைரோபி இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் இவ்வளவுதான். ஷில்லிங்கை நொடியில் ஊர் தாண்டி அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, இதைச் செய்வது முடியாத காரியம் அல்ல.