பிடோக் கட்டண வாயிலில் வட்டு கைமாறும் மரபு: ஓர் ஆராய்ச்சி

வீடியோ கேம் கருவிக்கு வட்டு வேண்டுமா, பதிவிறக்கமே போதுமா என்ற வழக்கு உலகெங்கும் நடக்கிறது. தலைமைச் சாட்சியை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அது சிங்கப்பூரின் பிடோக் எம்ஆர்டி நிலையம். 1989இல் திறந்த அந்த நிலையம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது என்று நம்புவோர் உண்டு. மாலை ஏழு மணிக்குமேல் கட்டண வாயிலருகே பத்து நிமிடம் நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார்.

சடங்கு இவ்வாறு நிகழும். பழைய வட்டை விற்பவர் வாயிலுக்கு உள்ளே நிற்பார். வெளியே வந்தால் காசு போகும். வாங்குபவர் வெளியே நிற்பார், காரணம் அதுவே. இருவரும் எதிரெதிரே நின்றபடி கேரோசல் விற்பனைச் செயலியில் 'எங்கே இருக்கீங்க?' என்று எழுதிக்கொள்வர். பின்னர் நீல உறை தடுப்பைத் தாண்டும். வாங்குபவர் வட்டைத் திருப்பி விளக்கொளியில் சாய்த்துக் கீறல் தேடுவார். தேக்கா அடகுக்கடைக்காரர்கூட ஒரு சங்கிலியை இவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. 'பேநவ் பண்ணிட்டேன் அண்ணே.' இருவரும் இனி வாழ்நாளில் சந்திக்கமாட்டார்கள்.

பதிவிறக்கவாதிகள் கூறுவர்: வீவக வீட்டில் இடம் மிச்சம், கீறல் விழாது. அற்றன்று. 12 சென்டிமீட்டர் வட்டுக்கு இடமில்லை என்பவரின் அலமாரிமேல் கருவி வந்த அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. எதற்கு? என்றாவது விற்க.

விலையைக் காட்டுவாரும் உளர். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 இங்கு வந்தபோது வட்டு போடும் கருவி 729 வெள்ளி, போடாதது 599. மிச்சம் 130 வெள்ளி என்று மகிழ்ந்தார்கள். ஆடி முடித்த நாலைந்து வட்டுகளை வாயிலுக்கு மேலாக நீட்டினால் அந்த 130 திரும்பிவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள். பதிவிறக்கியதை எந்த வாயிலுக்கு மேலாகவும் நீட்ட முடியாது.

முன்னாய்வுகளில் தலையாயது 2013 ஜூனில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய வட்டுகளைக் கைமாற்ற மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாடு விதிக்க முனைந்தபோது, சோனி அரை நிமிடம்கூட ஓடாத ஒரு செயல்விளக்கப் படம் வெளியிட்டது. ஒருவர் வட்டைக் கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். தடுப்பு வாயில் ஒன்று குறைந்ததைத் தவிர ஆய்வுமுறையில் பிழையில்லை. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் பின்வாங்கியது. அந்தச் சோனியேதான் 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோவை வட்டு போடும் வாயே இல்லாமல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாய் வேண்டுமென்றால் தனிக்காசு.

வட்டுக் கட்சியும் ரொம்ப நிமிர்ந்து நடக்க முடியாது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியது. வட்டைக் கையில் வைத்திருந்தவருக்கும் கார் ஓடவில்லை. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இன்னும் ஒரு படி மேலே போனது: சில விளையாட்டுகளுக்குக் கடையில் விற்கும் அட்டைக்குள் விளையாட்டே கிடையாது. செருகினால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி, அவ்வளவே.

பதிவிறக்கவாதிகள் இதைக் காட்டிச் சிரிப்பர். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த வெற்று அட்டையும் பிடோக்கில் கைமாறும். அதற்கும் 'அஞ்சு வெள்ளி குறைச்சுக்குங்க அண்ணே' என்று கேட்கலாம். பதிவிறக்கத்தில் யாரிடம் போய்க் கேட்பது?