காலு இருக்கு, தலை எங்கே?

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "டிரெய்லருக்கு அடியில காலு மட்டும் தெரியுது, தலை எங்கடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தலை பத்திரம். நடந்ததை 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால், உங்கள் தம்பி மகனைப் பற்றிய செய்தியாகவே படித்துக்கொள்ளுங்கள்.

அவன் போன வருடம் பழைய டிரெய்லர் வீடு ஒன்று வாங்கினான். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அடங்கிய 24 அடிப் பெட்டி. இரண்டு அச்சு, நாலு சக்கரம். டயரில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் 2317 என்று இருந்தது. 2017-இன் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். வெயிலில் நின்றே ரப்பர் கெட்டுவிடும், ஐந்தாறு வருடத்தில் மாற்று என்கிறார்கள். உங்கள் கடலூர் ஓ.டி. பட்டறையாக இருந்தால் "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், எடுத்துட்டுப் போ" என்று அனுப்பியிருப்பீர்கள்.

ஆளைக் கூப்பிட்டால் வந்து நிற்பதற்கே தனிக் கூலி. அவனே இறங்கினான்.

மூலைக்கு ஒன்றாக மடக்குக்கால்கள் இருந்தன. அதைச் சுற்றினால் வண்டி எழும்பும் என்று கணக்குப் போட்டான். அது உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருக்க வைத்த கால், தூக்க அல்ல. அரை அங்குலம் எழும்பியது. பிறகு கால் வெண்டைக்காய் மாதிரி வளைந்தது. வளைந்ததைப் படுத்துப் பார்த்தபோது உங்கள் மருமகள் எடுத்த படம்தான் அது. சக்கரம் நாலும் தரையில்தான் இருந்தன.

அடுத்து பாட்டில் ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுக்கப் போனான். லாரிக்கு நீங்கள் அங்கேதான் கொடுப்பீர்கள். இங்கே அச்சு வெறும் குழாய். அதில் தூக்கினால் வளைந்து, புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சேஸிஸுக்கு அடியில் கொடுக்க வேண்டுமாம். இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றாமல் ஹேண்ட்பிரேக் போட்டான். ஜல்லியில் புதையாமல் இருக்க ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்தான். நட்டைத் தரையிலேயே தளர்த்தி, தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்தான்.

மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை! கையில் எடுத்ததும் சிதம்பரம் கீழவீதிதான் ஞாபகம் வந்தது: உருள்கிற தேர்ச் சக்கரத்தில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிற ஆட்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை.

சக்கரத்தைக் கழற்றிய கையோடு பேரிங்கையும் பார்த்தான். உள்ளங்கையில் கிரீஸைக் குவித்து, பேரிங்கின் வாயை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றினான். இந்த ஒரு வேலைக்கு அவன் யூடியூப் பார்க்கவில்லை. கிரீஸ் வாசனைக்குக் கொஞ்ச நேரம் சும்மாவும் உட்கார்ந்திருந்தான். ஸ்பிளிட் பின்னை மட்டும் உங்களைப்போல் நிமிர்த்திப் போடாமல் புதிதாகப் போட்டான்.

இனிதான் கூத்து. ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டை மிதிப்பீர்களே, அது இங்கே செல்லாது. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் என்று ஒன்று. எதிரெதிர் நட்டாக, மூன்று சுற்றில் 90 முதல் 120 அடி-பவுண்டு. வந்ததும் 'டக்' என்னும். அதோடு விடவில்லை. 10 மைல் ஓட்டி ஒரு முறை, 25-இல் ஒரு முறை, 50-இல் ஒரு முறை மறுபடி பார் என்கிறது கையேடு. சிதம்பரத்தில் கிளம்பினால் புதுச்சத்திரம் நெருங்கும்போது ஒரு டக், ஓ.டி.யில் ஒரு டக், பாண்டிச்சேரியைத் தாண்டி ஒரு டக். சக்கரத்துக்கு ஆறு நட்டு, நாலு சக்கரம், மூன்று நிறுத்தம்: மொத்தம் 72 டக். பேத்தி விரல்விட்டு எண்ணினாள். 41-இல் தப்பிவிட்டது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

கடைசி நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கிருந்த வெள்ளைக்காரக் கிழவர், "ரிப்பேரா?" என்றார்.

"இல்லை, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"இருக்கிறதா?"

"இருக்கிறது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வேர்த்து விறுவிறுத்து ஏறி உட்கார்ந்தவனிடம், "தேர் நிலைக்கு வந்துடுச்சா?" என்றாள் உங்கள் மருமகள்.

ஆனித் தேர் இந்த வருடம் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்தது? வழியில் எங்கெங்கே நின்றது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலையும் உள்ள உங்கள் தம்பி மகன்