தறியில என்ன ஓடுது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நெசவுக்காரர்கள் ஒருவரையொருவர் "சௌக்கியமா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால், கைமாத்துக்கு அடிபோடுகிறான் என்று எதிராளி உஷாராகிவிடுவார். அங்கே செல்லுபடியாகும் குசல விசாரிப்பு ஒன்றுதான்: "என்ன மாமா, தறியில என்ன ஓடுது?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே மாமாவின் மூட்டுவலி, மகளுக்கு வந்த வரன், சங்கத்தில் பாவு கொடுத்தார்களா இல்லையா, முதலாளியோடு இப்போது பேச்சு உண்டா முறைப்பா எல்லாம் அடங்கிவிடும். ஆனால் பதில் ஒருபோதும் நேராக வராது. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு டீ கிளாஸைப் பெஞ்சில் வைப்பார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி அதே தோளில் போடுவார். "அதை ஏன் கேக்கிற? ரெண்டு பக்கமும் கோர்வை. சாண் கரை. கரையில யாளி, அன்னம், நடுவுல ருத்திராட்சம். உசுரை வாங்குது."

வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் "அடப் பாவமே" என்பார். உள்ளூர்க்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார். மாமா இப்போது அடித்தது கலப்படமில்லாத பெருமை என்பது அவருக்குத் தெரியும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு நாடா. இந்த மூன்றும் ஓடி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. ஒற்றை ஆளாக முடியாது. அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் கூட உட்கார வேண்டும். எல்லோருக்கும் கைவராத வேலை. அது தன் தறியில் ஓடுகிறது என்று மாமா தண்டோரா போட்டிருக்கிறார். புலம்பல் என்ற சட்டையை மாட்டிக்கொள்ளாமல் பெருமை இந்த ஊரில் வெளியே வருவதில்லை.

யாராவது ஒரு வெள்ளந்திப் பையன், "நல்லா ஓடுதுணா, இழையே அறுபடல" என்று சொல்லிவிட்டான் என்றால் தொலைந்தான். பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். "பிளெய்னா?" என்று ஒருவர் பரிவோடு கேட்பார். "இருக்கட்டும் இருக்கட்டும், அதுவும் வேலைதானே" என்று இன்னொருவர் தோளைத் தட்டுவார். டீக்கடைக்காரர்கூட அன்றைக்கு அவனுக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். அடுத்த பாவு ஏறுவதற்குள் அவனும் பெருமூச்சு விடப் பழகியிருப்பான்.

நம்மவரை, அதாவது அந்தக் கோர்வை மாமாவை, எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். விடிந்ததிலிருந்து குழித்தறியில் காலை இறக்கி மிதித்தவர். பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் ஓயாது. பேச்சு சூடு பிடித்தால் இடது, வலது என்று மாறி மாறித் தரையை மிதிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் காலும் அதே தாளத்தில் மிதிக்கும். அந்தப் பெஞ்சுக்கு மட்டும் விழுது கட்டிவிட்டால் டீ ஆறுவதற்குள் ஒரு முழம் இறங்கியிருக்கும்.

புலம்பலிலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு உண்டு. "பாவு பிணைக்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவரை எதிர்த்துப் பேசக் கூடாது. ஒரு பாவு மூன்று சேலைக்கு வரும். அது தீர்ந்ததும், புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கண் போகும், கழுத்து போகும், பொறுமை எப்போதோ போயிருக்கும். ஆகவே பாவு பிணைக்கிறவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது பெஞ்சின் எழுதாத சட்டம். இந்தச் சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்து, மாதத்துக்கு நாலு தடவை பாவு பிணைக்கிற ஒருவரும் இருக்கிறார். டீக்கடைக்காரர் மனக்கணக்கில் புலி. "மூணாந்தேதிதானே மாமா பிணைச்சீங்க? அதுக்குள்ள மூணு சேலை அறுத்துட்டீங்களா? ரெண்டு கைதானே உங்களுக்கு?"

ஐப்பசி பிறந்தால் எல்லாப் புலம்பலும் ஒன்றாகிவிடும். குழிக்குள் ஈரம், தெருவில் பாவு விரிக்க முடியாது, வானத்தைப் பார்த்துத் திட்டலாம். அதில் பெருமைக்கு இடமில்லை என்பதால் யாருக்கும் சுவாரசியமும் இல்லை.

பவானியிலிருந்து ஒருவருடைய சம்பந்தி வந்திருந்தபோதுதான் பெஞ்ச் சற்று ஆட்டம் கண்டது. அவர் வீட்டில் ஜமக்காளத் தறி. தடித்த நூல், பட்டை பட்டையாக நிறம். அகலமான ஜமக்காளம் என்றால் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் தள்ளும் நாடாவை அவர் வாங்கி நெய்வார்கள். காஞ்சிப் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் 2005-06-இல், ஒரே ஆண்டில்தான், புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கம் சமமாக நடத்தினால் ஆயிற்றா? பெஞ்ச் நடத்த வேண்டுமே. நம்மவர் சம்பந்தியின் தறியைப் பற்றி விசாரித்துவிட்டு, "நூல் கயிறு மாதிரி இருக்குமே, அறுபடவே அறுபடாதுன்னு சொல்வாங்களே" என்றார். காஞ்சிபுரத்து வாயிலிருந்து இதைவிடப் பெரிய வசவு வராது. சம்பந்தி நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். "ஆமாங்க. உங்க சேலையில ஒரு அம்மிணிதானுங்க நிக்க முடியும். எங்க ஜமக்காளத்துல ஒரு பந்தியே உக்காரலாமுங்க." அன்று பெஞ்ச் சீக்கிரமே கலைந்தது.

நானும் ஒருநாள் என் படிப்பைக் காட்டலாமென்று வாயைத் திறந்தேன். நம் தறிகளின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு, பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவருடைய பெயர்தான். 1804-இல் அவர் கொண்டுவந்த ஏற்பாடு: அட்டையில் துளை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப இழை எழும்பும், பூ விழும். அவர் காலமானபின் 1839-இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அச்சடித்த படம் என்று பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த ஒரு படத்துக்குத் துளையிட்ட அட்டைகள் 24,000. கணிப்பொறிக்குப் பாட்டனாரான இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அதில் ஒரு பிரதியை வாங்கி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

பாபேஜைப் பெஞ்ச் கண்டுகொள்ளவில்லை.

"இருபத்து நாலாயிரம் அட்டையா?"

"ஆமாம்."

"ஒரு மூஞ்சிக்கா?"

"ஒரு மூஞ்சிக்குத்தான். கொஞ்சம் நாற்காலியும் தெரியும்."

"சேலையா அது?"

"இல்லை, சட்டம் போட்டு மாட்டுவது."

"கட்டக்கூட முடியாதா!" என்று ஒருவர் அங்கேயே ஆர்வத்தை இழந்தார். நம்மவர் விடவில்லை. "அட்டை கட்டினவனுக்குக் கூலி யாரு குடுத்தா? இழை அறுந்தா எங்க பிடிச்சு எடுப்பான், மூக்குலயா, காதுலயா?" நான் விழித்தேன். அவர் வெகுநேரம் யோசித்தார். கால் மட்டும் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னார்: "நெய்தவனுக்கு உசுரை வாங்கியிருக்கும்." லியோன் நகரத்துக்கு இதற்கு மேல் ஒரு பாராட்டு காஞ்சியிலிருந்து போக வழியில்லை.

நிறங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய வயது தெரிந்துவிடும். அவர் அறிந்த நிறங்கள் தின்னக்கூடியவை அல்லது பறக்கக்கூடியவை: மாம்பழம், கத்தரிக்காய், வெங்காயம், கிளிப்பச்சை, மயில்கழுத்து. விதிவிலக்காக ஒரு பாடகிக்கு மட்டும் இடம் உண்டு, எம்.எஸ். நீலம். இப்போதோ கடைக்காரர் கைப்பேசியில் படம் அனுப்புகிறார். பேஸ்டல் வேண்டுமாம். லேவண்டர் வேண்டுமாம். மிண்ட் வேண்டுமாம். நம்மவர் அந்த இளநீலச் சிவப்பை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காஞ்ச வெங்காயத் தோலு" என்று பெயர் வைத்தார். மிண்ட் அவர் வாயில் 'தண்ணி ஊத்தின கிளி' ஆயிற்று. "கல்யாணத்தன்னைக்கே பத்து வருஷம் வெளுத்த சேலை கட்டணும்னு பொண்ணுங்க ஆசைப்படுது. நெய்ஞ்சு குடுக்கிறோம், நமக்கென்ன?" அந்தக் கிளியிலும் இரண்டு பக்கம் கோர்வை, தாழம்பூ ரேக்கு, முந்தி முழுக்க ஜரிகை. புலம்பல் அன்று வெகு ஜோராக இருந்தது.

இவ்வளவு சொல்லும்போதும் அவர் வாயில் வருவது 'நான் நெய்றேன்' என்ற ஒருமைதான். கோர்வையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவது வீட்டம்மா. ராட்டையில் தார் சுற்றுவதும் அவர்தான். நடுவில் எழுந்து குக்கரை இறக்கிவிட்டு வந்து, விட்ட இழையில் சரியாக உட்காருகிறவரும் அவரே. பெண்கள் குழாயடியில் தறியைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். யாளி கிடையாது, அன்னம் கிடையாது. "உங்க வீட்ல எப்ப அறுக்கிறாங்க?" "வெள்ளிக்கிழமை." "கூலி?" "திங்கக்கிழமைன்னு சொல்றாங்க, பாப்போம்." அவ்வளவுதான். டீக்கடையில் நடப்பது இலக்கியம். செய்தி வேண்டுமென்றால் குழாயடிக்குத்தான் போக வேண்டும்.

ஒருமுறை நம்மவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு, "நாப்பது வருஷத்துல என் கோர்வை ஒரு இடத்துல பிசகினது கிடையாது" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ராட்டைச் சத்தம் நின்றது. "நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து பிரிச்சது என்னவாம்?" என்று ஒரு குரல் வந்தது. ராட்டை மறுபடி ஓடியது. நம்மவர் மழை வருமா என்று பார்க்க வெளியே எழுந்துபோனார்.

அவரிடம் தீராத வியாதி ஒன்று உண்டு. துணி எதைக் கண்டாலும் பின்பக்கம் பார்த்தாக வேண்டும். முன்பக்கம் ஊருக்காக, பின்பக்கம்தான் உண்மை என்பது கட்சி. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-இல் அதே நாளில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் கொண்டாடுகிறார்கள். முதல் விழா நடந்ததும் சென்னையில்தான். அதையொட்டி ஒரு சிறிய கூட்டத்தில் நம்மவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் விழுந்த நொடியிலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைத் தேடிப் போய்விட்டன. புரட்டினார். "பவர்லூம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் உதடு அசையாமல் சொன்னார். அந்தப் பெரியவர் தன் தோளில் இருந்ததைக் குனிந்து புரட்டிப் பார்த்து, "பாலியஸ்டர்" என்று திருத்தினார். கைத்தறியின் மாண்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த பேச்சாளர், தன் பேச்சைக் கேட்டு இருவரும் தலைகுனிந்து கண்கலங்குவதாக எண்ணி இன்னும் கால் மணி நேரம் நீட்டினார்.

கல்யாண வீடுகளில் இந்த வியாதி ஆபத்தானது. ஒரு பந்தியில், பக்கத்து இலை அம்மாளின் முந்தானை நுனி பாயில் கிடந்தது. நம்மவரின் கை அதைப் புரட்டியதைப் பார்த்து அந்த அம்மாளின் வீட்டுக்காரர் இலையை விட்டு எழுந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க, ஜரிகை பார்த்தேன்" என்றதும் அவர் சமாதானமாகி உட்காரத்தான் போனார். நம்மவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆஃப் பைன்" என்று சேர்த்துச் சொன்னார். அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கம் ஏற்றியிருக்கும். ஆஃப் பைனில் அந்த வெள்ளிக் கம்பி இருக்கிற இடத்தில் செம்பு. வீட்டுக்காரர் அந்தச் சேலைக்கு என்ன விலை சொல்லி வைத்திருந்தாரோ தெரியாது. அதற்குப் பிறகு சண்டை போட்டது அந்த அம்மாள், நம்மவரோடு அல்ல.

சென்ற ஆவணியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் கட்டியிருந்தது நம்மவரும் வீட்டம்மாவும் தங்கள் தறியில் இறக்கிய சேலை. மண்டப வாசலில் கால் வைக்கும்போதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மொய்க் கவரைக் கொடுக்க மேடை ஏறினார்கள். "ஐயா, இங்க பாருங்க. அம்மா, கேமராவைப் பாருங்க" என்று படம் எடுப்பவர் கெஞ்சினார். ஆல்பம் வந்ததும் பார்த்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று சிரிக்கிறார்கள். பெண்ணின் வலது பக்கம் நிற்கும் நம்மவர் குனிந்து ஒரு கரையைப் பார்க்கிறார். மாப்பிள்ளையைச் சற்று ஒதுக்கிவிட்டு, வீட்டம்மா குனிந்து மற்றதைப் பார்க்கிறார்.

ஊர் திரும்பும் பேருந்தில் எனக்குப் பின் இருக்கையில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாலாஜாபாத் வரை பேச்சே இல்லை. பிறகு நம்மவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் பக்கம் சுத்தமா இருந்துச்சு."

"உங்க பக்கந்தான்," என்றார் அம்மா, "கொசுவத்துக்குப் பக்கத்துல ஒரு யாளிக்கு மூக்கே இல்ல."