தூசி தட்டத் தெரியுமாலே?

ஏலே பேராண்டி, குவாண்டம் எஞ்சினியராவப் போறியாமே? உங்கம்மை தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரியுதா. சந்தோசம். சர்க்காரும் 2023-ல 6,000 கோடிக்கு மேல ஒதுக்கி, தேசிய குவாண்டம் மிசன்னு ஆரம்பிச்சிருக்கு. வேல கெடைக்கும். ஆனா என்ன வேலன்னு விசாரிச்சியாலே?

நான் விசாரிச்சேன். குவாண்டம் சில்லு செய்யுத அறைக்குள்ள போவணும்னா தலையிலருந்து காலு வரைக்கும் அங்கி மாட்டணுமாம். கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். பவுடர் கூடாது, சென்ட்டு கூடாது. பென்சில்கூட ஆகாதாம், கரித்தூளு உதிருமாம்! நல்ல சுத்தமான அறைன்னா ஒரு கன அடி காத்துல அரை மைக்ரான் தூசி நூறுக்கு மேல இருக்கக் கூடாது. உன் தலைப்பொடுகு மட்டுமே லட்சம் தேறுமேலே, எப்படி விடப் போறான்?

சரி, உள்ள என்னதான் செய்யுதாக? தேர்தலுக்குத் தகரத்துல சின்னத்த வெட்டி, சொவத்துல வச்சுப் பெயிண்ட் அடிச்சுட்டுத் தகரத்த எடுக்கோம்லா? அதே சோலிதான். தகரத்துக்குப் பதிலா ரெசிஸ்ட்டுன்னு ஒரு பூச்சு. வெட்டுறதுக்கு எலெக்ட்ரான் கதிரு. பெயிண்ட்டுக்கு ஆவியாக்குன அலுமினியம். பொறவு அசிட்டோன்ல அலசுனா வேண்டாதது உரிஞ்சு போவும். சில நாள் வேண்டியதும் கூடவே போயிரும், அது உன் தலையெழுத்து.

இதுல உசுரே ஜோசப்சன் சந்திதான். ரெண்டு அலுமினியப் படலம், நடுவுல ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் கனத்துல ஆக்சைடு. உங்கம்மை வச்சிருக்க அலுமினியச் சட்டி மேலயும் காத்துப் பட்டுப் பட்டு ஆக்சைடு தானாத்தான் படியுது. அவ பட்டமா வாங்குனா? அதையே அளவாப் படிய வைக்கத்தான் உனக்கு பிஎச்டி.

செஞ்ச சில்ல அப்படியே ஓட்டிர முடியுமா? ஹீலியம் ஃபிரிட்ஜுல தொங்க விடணும். மைனஸ் 273 டிகிரியத் தொடாத கொறதான். குளுர ஒண்ணு ரெண்டு நாளாவும். காத்துக் கெட. டீயக் குடி. குளுந்த பொறவு பாத்தா ஒரு கம்பி விட்டுருக்கும். திரும்பச் சூடாக்கு, திரும்ப மாட்டு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்; நீயும் மெசினக் கொற சொல்லாத.

கூகுள்காரன் 2019-ல சிகாமோர்னு ஒரு சில்லு காட்டுனான். 54 குபிட்டு, அதான் குவாண்டம் கணக்குப் போடுத அலகு. ஒண்ணு படுத்துக்கிட்டு, மிச்சம் 53-ஐ வச்சு ஓட்டுனான். 200 விநாடியில போட்ட கணக்கு சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 வருசமாவும்னான். ஐபிஎம்காரன் சும்மா இருப்பானா? ரெண்டரை நாள் போதுமேன்னான்! இம்புட்டுப் படிச்சவங்க கணக்குலயே இவ்வளவு தள்ளுபடியாலே?

அந்தக் கூகுள் கூட்டத்த நடத்துன ஜான் மார்ட்டினிஸ் லேசுப்பட்ட ஆளில்ல. 1984, 85-ல, பெர்க்லியில மாணாக்கரா இருந்தப்பவே, வாத்தியார் ஜான் கிளார்க், மிசெல் டெவோரே கூடச் சேந்து, மின்சுத்துக்குள்ளயே குவாண்டம் வித்த நடக்குன்னு காட்டுனவரு. மூணு பேருக்கும் நோபல் எப்ப வந்துச்சு? 2025-ல. நீ சேந்த மறுமாசமே லிங்க்ட்இன்ல 'குவாண்டம் நிபுணர்'னு போட்டுக்கிடுவியே, அத நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பாணி வருது.

நீ போவப் போற லேப்புல வேக்கம் பம்புக்கு ஆயில் மாத்துற அண்ணாச்சி ஒருத்தர் இருப்பாரு. பேராசிரியரப் பாக்க முன்ன அவரப் பாரு. பம்பு எப்ப மக்கர் பண்ணும், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத்தான்லே தெரியும். டீ வாங்கிக் குடு, வடையும் சேத்து.

நாளைக்குப் பொண்ணு வீட்டுல என்ன சோலின்னு கேப்பாக. குபிட்டு, கோபிட்டுன்னு அளந்து வைக்காத. மைனஸ் 273-ல பெட்டியக் குளுர வைக்கேன்னு சொல்லு. பொண்ணோட அப்பன் சந்தோசமாத் தலையாட்டுவான்: "ஃபிரிட்ஜு சர்வீஸா மாப்ள? இப்ப நல்ல கிராக்கியாச்சே!"